யாரும் செய்யாத யுத்தம்

கல்கியின் 'அலை ஓசை' நான்கு பாகங்கள் கொண்டது. பூகம்பம், புயல், எரிமலை, பிரளயம் என்பன அவற்றின் தலைப்புகள். நாவலின் தோல்வி இந்த நான்கு சொற்களிலேயே அடங்கிக் கிடக்கிறது என்பது என் கட்சி. மிச்சம் இருக்கிற பக்கங்களெல்லாம் இந்தத் தலைப்புகளுக்கு எழுதிய உரை.

சிறுபத்திரிகைக்காரனுக்குக் கல்கியைத் திட்டுவது காலைப் பல் துலக்குவது மாதிரி ஓர் அனுஷ்டானம் என்று சொல்வார்கள். அந்த அனுஷ்டானத்தில் எனக்குச் சுவாரஸ்யம் இல்லை. குதிரை வீரர்களையும் சுரங்கப் பாதைகளையும் பற்றிப் பேசியது போதும். அவற்றைக் கேட்டு வந்தவர்களுக்கு அவர் அவற்றைக் கொடுத்தார், கணக்குத் தீர்ந்தது. 2022லும் 2023லும் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' படம் இரண்டு பாகமாக வந்த பிறகு புத்தகக் கடைகளில் கல்கிக்கு மறுபடி ஒரு வாழ்வு. அதையும் ஆட்சேபிக்க எனக்கு முகாந்திரம் இல்லை. 'அலை ஓசை' விஷயம் வேறு. 1948-49ல் 'கல்கி' வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. 1934ன் பீஹார் பூகம்பக் காலத்தில் தொடங்கிப் பிரிவினையின் ரத்தம்வரை வருகிறது. அவர் மறைந்தபின், 1956ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. தம் எழுத்தில் நிலைக்கத் தகுதியுடையதாக ஆசிரியரே கருதியதும் இதைத்தான். ராஜாக்களின் பின்னால் ஒளிந்துகொள்ள இங்கே இடமில்லை. எழுதியவர் ஜெயிலுக்குப் போனவர். வாராவாரம் தேச அரசியலைப் பற்றித் தலையங்கம் எழுதியவர். உலக யுத்தத்தின் பெரும்பகுதியைப் பத்திரிகை ஆசிரியர் நாற்காலியிலிருந்து பார்த்தவர். தமிழில் அந்த யுத்தத்தையும் அதன் வாலாக வந்த பிரிவினையையும் எழுத இவரைவிட வசதியான ஆள் அன்று கிடையாது. ஏமாற்றம் என்ற சொல்லுக்கு அர்த்தம் வருவது இங்கேதான். எதிர்பார்க்க நியாயம் இருந்த இடத்தில்தானே ஏமாற முடியும்?

பூகம்பத்தை யாரும் செய்வதில்லை. புயலுக்குச் சம்மன் அனுப்ப முடியாது. எரிமலையின் மேல் வழக்குத் தொடர்ந்தவர் இல்லை. பிரளயத்தில் எல்லோரும் முழுகுகிறார்கள்; முழுகியவர் பேரில் இரக்கம் வருகிறது; கதை முடிகிறது. ஆனால் 1939 செப்டம்பர் 3ந்தேதி இந்தியா யுத்தத்தில் இறங்கியது பூமியின் அடியில் ஏதோ பாறை நகர்ந்ததால் அல்ல. லின்லித்கோ என்ற வைசிராய், இந்தியர் ஒருவரையும் கலக்காமல், இறங்கியதாக அறிவித்தார். இருபத்தைந்து லட்சம் பேர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். சேர்த்தவர்கள் இருந்தார்கள், சேர்ந்ததற்குக் காரணம் இருந்தது, அந்தக் காரணம் பெரும்பாலும் வயிறு. 1942ல் ஜப்பான்காரன் கைக்குப் போய்விடும் என்று வங்காளக் கரையோரத்தில் பத்துப் பேருக்குமேல் ஏறக்கூடிய படகுகளைப் பறிமுதல் செய்தார்கள், நெல்லையும் அப்புறப்படுத்தினார்கள். அடுத்த ஆண்டு வங்காளத்தில் முப்பது லட்சம் பேர்வரை செத்தார்கள். இதை எரிமலை என்று சொல்வதற்குக் கவி மனம் வேண்டாம், மறதி போதும்.

இதே கல்கி, இதே யுத்த காலத்தில், 1944லிருந்து 1946வரை வேறொரு யுத்தத்தை எழுதிக்கொண்டிருந்தார். 'சிவகாமியின் சபதம்'. ஏழாம் நூற்றாண்டு. புலிகேசி காஞ்சியை முற்றுகையிடுகிறான், நரசிம்மன் வாதாபியை எரிக்கிறான். அந்த யுத்தத்தில் ஒவ்வொரு காரியத்துக்கும் கர்த்தா உண்டு. மகேந்திரவர்மன் யோசிக்கிறான், ஒற்றனை அனுப்புகிறான், கணக்குப் போடுகிறான், தப்புக் கணக்கும் போடுகிறான். எதிரிக்குப் பேர் இருக்கிறது, மூளை இருக்கிறது, பேராசை இருக்கிறது. ஊர் எரிந்தால் எரித்தவன் யார் என்று வாசகனுக்குத் தெரியும். எரித்தவனின் வெற்றியே அவனுக்குக் கசந்துபோவதும் தெரியும். அதாவது, ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய யுத்தம் மனிதர்கள் செய்தது. நேற்றைய யுத்தம் இயற்கைச் சீற்றம். இந்தத் தலைகீழ் வாய்பாட்டை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மனிதர்கள்தாம் சரித்திரத்தைச் செய்கிறார்கள் என்பது கல்கிக்குத் தெரியாத விஷயமாக இருந்தால் மன்னித்துவிடலாம். தெரிந்திருந்தது. அந்த அறிவை அவர் பல்லவனுக்குக் கொடுத்தார். தம் வாசகனுக்குப் பக்கத்து வீட்டில் வசித்தவனுக்குக் கொடுக்கவில்லை.

நாவலுக்குள் போவோம். ராஜம்பேட்டை கிராமத்தில் பட்டாமணியம் கிட்டாவய்யர் வீட்டுக்கு அவர் மகள் லலிதாவைப் பெண் பார்க்க வருகிற சௌந்தரராகவன், அவள் அத்தை மகள் சீதாவைப் பார்த்து அவளையே கட்டிக்கொள்கிறான். அருமையான தொடக்கம். தஞ்சாவூர்க் கிராமத்து வீட்டின் கூடத்தில் ஒரு நிமிஷத் தடுமாற்றம் எத்தனை பேர் வாழ்க்கையைத் திருப்பிவிடும் என்பதைக் கல்கியின் கை நன்றாக அறியும். ராகவன் டில்லியில் சர்க்கார் உத்தியோகஸ்தன். இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யுத்தம் நடத்துகிற சர்க்காரின் காரியாலயத்துக்குள் தமிழ் நாவல் ஒன்று முதல் தடவையாகக் கால் வைக்கப் போகிறது! தஞ்சாவூர்ப் பிராமண வாலிபன் ஒருவன், இங்கிலீஷ் படித்த பலத்தில், வெள்ளைக்காரனின் யுத்த யந்திரத்தில் ஒரு திருகாணியாக உட்கார்ந்திருக்கிறான். அவன் மேஜைக்கு என்ன காகிதம் வந்தது? எதில் கையெழுத்துப் போட்டான்? அந்தக் கையெழுத்து எந்த ஊரில் எந்த அரிசி மூட்டையை நகர்த்தியது? சாயங்காலம் வீட்டுக்கு வந்து சீதாவிடம் எரிந்து விழும்போது அவன் விரலில் இருந்த மசி எதனுடையது?

இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு ஒரு மகத்தான நாவல் எழுதியிருக்கலாம். கல்கி அவனைச் சந்தேகப் புருஷனாக்கினார். காரியாலயம் அவன் வெளியே போய்வருகிற இடம், அவ்வளவே. அங்கே என்ன நடக்கிறது என்பதில் நாவலுக்கு அக்கறை இல்லை. ஒரு குமாஸ்தாவாகச் சொல்கிறேன்: அதிகாரம் என்பது மேடைப் பேச்சில் இருப்பதைவிடக் குறிப்பேட்டின் ஓரத்தில் போட்ட சுருக்கெழுத்தில் அதிகம் இருக்கிறது. ஒரு கடன் மனுவின் மேல் 'பார்க்கவும்' என்று எழுதிய ஒரு சொல்லில் ஒருவன் நிலம் கைமாறுவதை நித்தியம் பார்க்கிற தொழில் எங்களுடையது. டில்லிக் கோப்புகளில் இன்னும் பெரிய சொற்கள் எழுதப்பட்டன. நாவல் அவற்றைப் படிக்க மறுத்துவிட்டது.

படித்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதற்குப் பதில் என்ன கிடைக்கிறது? ரகசியப் பிறப்பு. ரஜினிபூர் ராஜகுமாரி. தாரிணி யார் மகள் என்ற புதிர். சீதாவின் தகப்பனார் துரைசாமி மௌல்வி சாகிபாக நடமாடுகிற வேஷம். பிறகு எல்லோரும் எல்லோருக்கும் உறவு என்று தெரியவருகிற வழக்கமான அவிழ்ப்பு. இந்து முஸ்லிம் ஒரே குடும்பம் என்பதற்கு அந்த வேஷம் ஓர் உருவகம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் 1947 ஆகஸ்டில் ஒருவன் எந்த மதத்தவன் என்பது அவன் வேட்டியை அவிழ்த்துப் பார்த்துத் தீர்மானிக்கப்பட்ட கேள்வி. பதில் தப்பாக இருந்தால் கத்தி. ஒன்றேகால் கோடிப் பேர் எல்லை தாண்டிய அந்த மாதங்களில் வேஷம் என்பது உயிரின் விலை. மண்ட்டோவின் கதைகளில் அது அப்படித்தான் இருக்கிறது. படித்துவிட்டுத் தூங்க முடிவதில்லை. 'அலை ஓசை'யில் அது தொடர்கதையின் அடுத்த வாரத்துக்கு ஒரு கொக்கி. பஞ்சாபில் ஒரு மனிதனைக் கொன்ற அதே விஷயம் இங்கே வாசகனைக் கிச்சுகிச்சு மூட்டப் பயன்படுகிறது. இது ரசனைப் பிசகு மட்டும் இல்லை, நியாயப் பிசகு.

*

கல்கிக்காக வாதாடுகிறவர்கள் மூன்று சொல்வார்கள். மூன்றையும் கேட்டாக வேண்டும்.

முதலாவது, தொடர்கதை என்ற வடிவத்தின் நிர்ப்பந்தம். வாராவாரம் வாசகனை இழுத்துக்கொண்டு போக வேண்டாமா என்கிறார்கள். டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலின் முதல் பகுதிகள் 1865ல் ஒரு ருஷ்யப் பத்திரிகையில் தொடராகத்தான் வந்தன. டிக்கன்ஸ் மாத இதழுக்கும் வார இதழுக்கும் எழுதினார். தாஸ்தாயெவ்ஸ்கி கடன்காரனுக்குப் பயந்து எழுதினார். பத்திரிகை யாரையும் மூளையைக் கழற்றி வைக்கச் சொல்வதில்லை. அதுவும் பத்திரிகையே சொந்தமாக இருக்கும்போது.

இரண்டாவது, அவர் யுத்தத்தை நேரில் பார்க்கவில்லை என்பது. ஸ்டீஃபன் க்ரேன் அமெரிக்க உள்நாட்டு யுத்தம் முடிந்து ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவர். 1895ல் அவர் எழுதிய நாவலைப் படித்துவிட்டுப் படைவீரர்களே இவன் எங்கள் ரெஜிமெண்டில் இருந்தவன் என்று நினைத்தார்கள். டால்ஸ்டாய்கூட நெப்போலியனைப் பார்க்கவில்லை. பார்க்காதவன் எழுதலாம். பார்க்க வேண்டியதை எது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. ஸ்டெந்தாலின் 'பார்மா மடாலயம்' நாவலில் ஃபாப்ரிஸ் வாட்டர்லூ களத்தில் நாள் பூராவும் சுற்றிவிட்டு, தான் கலந்துகொண்டது யுத்தமா என்று பிறகு சந்தேகப்படுகிறான். ஸ்டெந்தால் அந்தக் குழப்பத்தை எழுதினார். குழப்பத்துக்குப் பூகம்பம் என்று பேர் வைத்துவிட்டுப் போகவில்லை.

மூன்றாவது வாதம்தான் விஷமானது. யுத்தம் தமிழ்நாட்டைத் தொடவில்லை, ஆகவே தமிழ் நாவலில் அது எங்கோ இடிக்கிற இடியாகத்தான் இருக்க முடியும் என்பது. படித்தவர்களே இதைச் சொல்கிறார்கள். சென்னையில் இருந்துகொண்டு சொல்கிறார்களானால் 1942 ஏப்ரலில் சென்னை காலியானதையாவது நினைத்துக்கொள்ளலாம். நான் கடையத்திலிருந்து எழுதுகிறேன். இங்கிருந்து பார்த்தால் அந்த வாதம் இன்னும் ஆபாசமாகத் தெரிகிறது.

இந்தத் திருநெல்வேலிச் சீமையில் பிழைக்கப் போனவர்கள் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனார்கள். 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். பர்மாவிலிருந்து இந்தியர் நான்கு லட்சத்துக்குமேல் காட்டுவழியாகவும் கடல்வழியாகவும் திரும்பினார்கள். வழியில் பல்லாயிரம் பேர் காய்ச்சலிலும் பசியிலும் செத்தார்கள். ஏப்ரல் 5ல் கொழும்பில் குண்டு விழுந்தது. அந்தத் துறைமுகத்திலிருந்து வரவேண்டிய மணியார்டர் எத்தனை வீட்டின் அடுப்பு! பர்மா அரிசி நின்றதும் அதை நம்பியிருந்த திருவிதாங்கூர் பட்டினி கிடந்தது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற செங்கோட்டை அன்று திருவிதாங்கூர். 1942 செப்டம்பரில் குலசேகரன்பட்டினத்தில் உப்பு இலாகா அதிகாரி லோன் கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு வாலிபர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அவர்கள் உயிர் தப்பினார்கள். யுத்தம் தொடவில்லையாம்! தொட்ட இடங்களை எழுத ஆள் இல்லை, அல்லது எழுதக்கூடியவர்களின் கண் ரஜினிபூரில் இருந்தது.

இதற்கு முந்தைய யுத்தத்திலேயே இந்த ஊருக்கு ஒரு கணக்கு உண்டு. 1918 நவம்பர் 11ல் முதல் உலக யுத்தம் ஓய்ந்தது. ஒன்பது நாள் கழித்து, புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியைக் கடலூரில் கைது செய்தார்கள். விடுதலையானதும் அவர் வந்தது செல்லம்மாவின் ஊரான கடையத்துக்கு. இரண்டு வருஷம்போல இங்கே இருந்தார். பாரதியும் யுத்தத்தைப் பார்த்ததில்லை. ஐரோப்பாவைப் பார்த்ததில்லை. ஆனால் பெல்ஜியம் என்ற சின்ன தேசம் மிதிபட்டபோது அந்தத் தேசத்தின் பேரைச் சொல்லிப் பாடினார். ருஷ்யாவில் புரட்சி வந்தபோது மாகாளியை அழைத்தார்தான். அழைத்தவர், விழுந்தது ஜார் என்றும், அவன் என்ன செய்ததால் விழுந்தான் என்றும் சொல்லாமல் விடவில்லை. புராணத்தின் பாஷை இருந்தும் குற்றவாளியின் பேர் மறையவில்லை. பத்திரிகைத் தந்திகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கவிஞனால் முடிந்தது இது. முப்பது வருஷம் கழித்து, அதைவிட ஆயிரம் மடங்கு தகவல் கையில் இருந்த நாவலாசிரியரால் முடியவில்லை.

*

முடியவில்லை என்பதைவிட, முடியக்கூடாது என்று பத்திரிகையின் அமைப்பே தீர்மானித்திருந்தது என்று தோன்றுகிறது. கல்கி தலையங்கப் பக்கத்தில் பேர் சொல்லிச் சண்டை போட்டவர். ராஜாஜியின் பக்கம் நின்றவர். 1942ல் ராஜாஜி காங்கிரஸோடு முரண்பட்ட சங்கடத்தையும் சேர்த்துச் சுமந்தவர். அரசியல் விவகாரத்தில் சூடும் சுரணையும் உள்ள எழுத்து அவருடையது. அந்தச் சூடு நாலு பக்கம் தள்ளி வருகிற தொடர்கதைக்குள் நுழையும்போது காணாமல் போகிறது. நாவலிலும் தலைவர்களின் பேர்கள் வராமல் இல்லை. சம்பாஷணையில் வருகின்றன, ரயில் பிரயாணிகள் பேசிக்கொள்வது மாதிரி. பாத்திரங்களின் செய்கையாக அவை மாறுவதில்லை. தலையங்கம் ஆண்களுக்கு, தொடர்கதை வீட்டுப் பெண்களுக்கு என்ற பங்கீடு ஒன்று நம் வாரப் பத்திரிகைகளில் இருந்தது. பெண்கள் அழ வேண்டும், ஆண்கள் அபிப்பிராயம் வைத்திருக்க வேண்டும். சீதாவின் மரணத்துக்கு ஒரு தலைமுறை அழுதது. அவள் சாவுக்குக் காரணமானவற்றில் ஒன்றையாவது அந்த அழுகை தொட்டதா? தொடாத அழுகை நல்ல அழுகை என்று பத்திரிகைக்குத் தெரியும். அடுத்த வாரமும் வாங்குவார்கள்.

எதிர்முனையில் என்ன இருக்கிறது? ப. சிங்காரம். சிங்கம்புணரிக்காரர். வாலிபத்தில் சுமத்ராவில் மெடானில் வட்டிக்கடை வேலைக்குப் போனார். யுத்தம் முடிந்து திரும்பினார். மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு இரண்டே நாவல்கள் எழுதினார். 'கடலுக்கு அப்பால்' 1959ல் புத்தகமானது. 'புயலிலே ஓர் தோணி' எழுதிப் பத்து வருஷம்போலக் கிடந்து 1972ல் வந்தது. வந்த பிறகும் பல வருஷம் பேசுவார் இன்றிக் கிடந்தது. இவர் தலைப்பிலும் புயல் இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறது. சிங்காரத்தின் புயல் கடலில் அடிக்கிற நிஜப் புயல். தொங்கானில் போகிறவர்கள் அதில் மாட்டுகிறார்கள், சில பக்கங்களில் அது ஓய்ந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்வது. ஜப்பான்காரன் மெடானுக்குள் வருகிறான். கொள்ளையடித்தவர்களின் தலையை வெட்டிக் காட்சிக்கு வைக்கிறான். வட்டிக்கடையில் கணக்கு எழுதியவன் ஐ.என்.ஏ. லெப்டினெண்ட் ஆகிறான். செட்டியார்களின் ஏடுகளில் உலக யுத்தம் பற்றும் வரவுமாக ஏறுகிறது. பர்மாவின் தென்பகுதி நெல் நிலத்தில் நாலில் ஒரு பங்கு செட்டியார் கைக்குப் போயிருந்த சரித்திரம் தெரிந்தவனுக்கு அந்த ஏடுகளின் கனம் புரியும். ஜப்பான் அடித்த நோட்டு 1945ல் ஒரே நாளில் வெறும் காகிதமாவதை வட்டிக்கடைக்காரனைவிட யார் நன்றாக எழுத முடியும்?

சிங்காரத்திடம் குறை இல்லையா? நிறைய உண்டு. பாண்டியன் நினைத்ததெல்லாம் ஜெயிக்கிறான். துப்பாக்கியை எடுத்தால் குறி தப்புவதில்லை. சில இடங்களில் அவன் கல்கியின் வந்தியத்தேவனுக்குச் சித்தப்பா பிள்ளை. பெண்கள் வந்து போகிறார்கள், அவ்வளவே. ஆனால் அவன் குடித்துவிட்டுத் தமிழ்ப் பெருமையைக் கிழிக்கும்போதும், மதுரைத் தெருக்களை நினைத்து ஏங்கும்போதும், ஊர் திரும்பாமலே சாகும்போதும், அவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது எது என்று நாவலுக்குத் தெரியும். அவன் சாவைப் பிரளயம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சுட்டவன் ஒருவன் இருக்கிறான்.

இதை வெறும் பழைய கணக்காக நான் எழுதவில்லை. சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர்; 1942-43ல் போடப்பட்டது; மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்கள் அதன் ஓரத்தில் ஆயிரம் ஆயிரமாகச் செத்தார்கள். 1957ல் வந்த க்வாய் நதிப் பாலப் படம் அதை வெள்ளைக் கைதிகளின் கதையாக உலகத்துக்குச் சொல்லிவிட்டது. மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். இங்கே எத்தனை பேர் படித்திருக்கிறோம்? யுத்தம் தொடவில்லை என்று நம்புகிறவனுக்கு அவை தேவைப்படாது. அந்த நம்பிக்கையை நமக்குக் கொடுத்ததில் 'அலை ஓசை'க்குப் பெரிய பங்கு உண்டு. நாம் சென்ற நூற்றாண்டை எப்படி நினைவில் வைத்திருக்கிறோம் என்பதை நம் பெரிய பத்திரிகைகளின் தொடர்கதைகள் தீர்மானித்தன. யாரோ எங்கோ எதையோ செய்தார்கள், சீதா செத்துப்போனாள், பாவம்.

இன்றைக்குச் சரித்திர நாவல் மறுபடி அமோகமாக விளைகிறது. எழுத உட்கார்கிற நண்பர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். ஒரு ஊர் எரிகிறதென்று எழுதினால், தீப்பெட்டி யார் கையில் இருந்தது என்று எழுதுங்கள். அரிசி இல்லை என்று எழுதினால், மூட்டை எந்தக் கிட்டங்கியில் இருந்தது, சாவி யாரிடம் இருந்தது என்று விசாரியுங்கள். தெரியவில்லையானால் தேடுங்கள், ஆவணக் காப்பகங்களில் கோப்புகள் இருக்கின்றன, ராகவன்களின் கையெழுத்தோடு. ராகவன் கதையை எழுத இன்னும் ஆள் வரவில்லை.